இருபத்து நாலு பித்தளை ஸ்க்ரூ

ராத்திரி பதினொன்று இருபது. சேத்தூரிலிருந்து தளவாய்புரம் போகிற ரோடு. இரண்டு பக்கமும் வயல். நடுவில் ஒரே ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், அதில் தச்சு வேலை பார்க்கும் சிவனாண்டி. பின்னால் கட்டியிருந்த மரப்பெட்டிக்குள் உளியும் சுத்தியலும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. எதிரே வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. வயலில் தவளைகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன... ஓர் இடத்தில் அதுவும் நின்றது. மொத்தமாக, ஒரே நேரத்தில். அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

வண்டியை நிறுத்தவில்லை. யாரென்றும் பார்க்கவில்லை. எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார்.

“அண்ணே, கதவு இறங்கிருச்சு. தரையைப் பிடிக்கு. வாரீகளா?”

“நாளைக்கு வாரேன் தாயி.”

வாய்ப் பழக்கம். போனைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு பத்தடி போயிருப்பார். அதற்குப் பிறகுதான் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. போனை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ‘அனுசியா பாத்ரூம்’ என்று இருந்தது. எந்த வீட்டில் என்ன வேலையோ, அதையும் சேர்த்துத்தான் அவர் பேரைப் பதிந்து வைப்பார்.

அனுசியா செத்து அன்றைக்குப் பதினாறாம் நாள்.

சேரைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போடுங்கள். எப்படியும் உள்ளே போக முடியாது. விடிந்தால் இந்த வீட்டில் பால் காய்ப்பு, இப்போது உள்ளே தச்சுக் கழிக்கிறார்கள். மரத்திலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வந்ததை எல்லாம் விரட்டி முடிக்கும்வரை வீட்டுக்காரர்கள் வாசற்படி மிதிக்கக் கூடாதாம். அதனால்தான் இந்தத் தைப் பனியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாக வீடு கட்டிய நான் தெருப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே போர்வையை மூடிக்கொண்டு கிடக்கிறாரே என் வீட்டுக்காரர், தூங்கவில்லை. எனக்குத் தெரியும்.

சாயங்காலம் பாத்ரூம் கதவுக் கீலைப் பார்த்துவிட்டு நான் கத்தினேன். பித்தளைக் கீலில் பாதி ஸ்க்ரூ இரும்பு. அதற்கு இவர், யார் குனிந்து ஸ்க்ரூவைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டார். வேலை ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். என் நாத்தனார், நல்ல நாளில் எதற்கு வாய் என்றாள். சரி, நல்ல நாளில் வாய் வேண்டாம். கதை சொல்லலாம் இல்லையா? கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன், உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.

நான் பார்த்ததில்லை இது. என்னோடு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்க்கும் அய்யம்மாளின் அக்கா புருஷனுக்கு நடந்தது. அந்த ஆள்தான் சிவனாண்டி. அவன், இவன் என்றுதான் வாயில் வருகிறது. அய்யம்மாள் முகத்துக்காக அவர் என்று சொல்கிறேன்.

அனுசியா தளவாய்புரத்தில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி ஆறு வருஷம் புருஷன் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் அவள் இருந்த அறைக்குத் தாழ்ப்பாள் வெளியே. புரிகிறதா? ஆள் உள்ளே, தாழ்ப்பாள் வெளியே. வேலைக்குப் போகும்போது அவன் போட்டுவிட்டுப் போவான். ராத்திரி வந்தால் திறப்பான். சில ராத்திரி வர மாட்டான். மாமியாரும் மாமனாரும் அதே வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. ஒருநாள் இவளே கரண்டிக் காம்பால் கீலின் நடு ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு, கதவைப் பெயர்த்துச் சாய்த்துவிட்டு, கட்டின சேலையோடு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பதினேழு வருஷம் தைத்தாள். காலில் வீக்கம், உடம்பில் சர்க்கரை, தினமும் ஊசி. ஊர்க் கடைசியில் ஒன்றரை சென்ட் வாங்கி ஒரு வீடு கட்டினாள். ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு பாத்ரூம். அப்படிப்பட்டவள் கதவுக்குக் கீல் வாங்கப் போனால் எப்படி வாங்குவாள்?

மூன்று ஞாயிற்றுக்கிழமை. ராஜபாளையத்தில் ஒரு கடை விடவில்லை. தரையில் சிந்திய குண்டூசி பொறுக்கத் தையல்காரிகள் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். அவளிடம் வட்டமாக ஒன்று. அதைக் கொண்டுபோய் ஒவ்வொரு கீலிலும் வைத்தாள். மஞ்சளாகப் பளபளவென்று இருக்கும்... வைத்ததும் டக்கென்று பிடிக்கும். உள்ளே இரும்பு, மேலே பூச்சு. தள்ளி வைப்பாள். காந்தம் பிடிக்காததைக் கையில் ஏந்திக் கனம் பார்ப்பாள். ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு மறு பட்டையை விடுவாள். தொப்பென்று விழுந்தால் வேண்டாம், மெல்ல இறங்க வேண்டும். காதோரம் வைத்துத் திறந்து மூடுவாள். கடைசியாக நடு ஆணியைத் தட்டிப் பார்ப்பாள். கழல்கிற ஆணி வேண்டாம் என்றாள். தன்னந்தனியாக இருக்கப் போகிறவள், வெளியிலிருந்து எவனும் தட்டிக் கழற்றிவிடக் கூடாதல்லவா?

கடைக்காரர் பொறுமை போய், என்னம்மா மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்க்கிறாய் என்று கேட்டாராம்.

“மாப்பிள்ளையை இம்புட்டுப் பாக்கலண்ணே. அதான் இதைப் பாக்கேன்” என்றாள் அனுசியா.

கீலும் பித்தளை, ஸ்க்ரூவும் பித்தளை. பாத்ரூமுக்கு பிவிசி கதவு போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்கவில்லை. தேக்கில்தான் போட்டாள், உள்பக்கம் தகடு. அந்தக் கதவுக்கு மட்டும் மூன்று கீல். கீலுக்கு எட்டு வீதம் இருபத்து நாலு ஸ்க்ரூ. பொட்டலத்தைச் சிவனாண்டி கையில் கொடுத்தாள்.

“மூடினா மூடணும், திறந்தா திறக்கணும். அம்புட்டுத்தாண்ணே எனக்கு வேணும்” என்றாள்.

அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை பாருங்கள்.

தேக்கு இறுக்கமான மரம். பித்தளை ஸ்க்ரூ மெத்தென்றது. நேராகப் போட்டு முறுக்கினால் தலை ஒடிந்து கையோடு வந்துவிடும். அதனால் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் முறுக்கி வழி செய்துகொள்வார்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு, பித்தளையில் கொஞ்சம் சோப்புத் தடவி, அந்த வழியில் போடுவார்கள். ஒரு ஸ்க்ரூவுக்கு இரண்டு தடவை வேலை. முன்வாசல் கதவுக்குச் சிவனாண்டி அப்படித்தான் செய்தார். நாலு பேர் பார்க்கிற கதவு இல்லையா.

பாத்ரூம் கதவுக்கு வரும்போது ராத்திரி எட்டு மணி. விடிந்தால் பால் காய்ப்பு. இரும்பை முறுக்கினார். கழற்றவில்லை. சாமி படச் சட்டத்துக்குப் பூசுகிற தங்கக் கலர் பெயிண்ட் கொஞ்சம் பெட்டியில் கிடந்தது. ஸ்க்ரூ தலையில் தொட்டுத் தொட்டு வைத்தார், இருபத்து நாலு பொட்டு. பித்தளை ஸ்க்ரூ பொட்டலம் பிரிக்காமலே பெட்டிக்குள் அடியில் போனது. அதைத் திருட வேண்டும் என்றுகூட அவர் நினைக்கவில்லை. அலுப்பு... அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் வருவதே அதில்தான். திருடனாக இருந்தாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

பித்தளைக்குள் இரும்பை வைத்துத் தண்ணீர் பட்டால் இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். அது அவருக்குத் தெரியும். கையில் உளி பிடித்த எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மழைக்காலம் தாங்கியது. அடுத்த ஐப்பசியில் கதவு இறங்கியது. மூடும்போது கீழ் முனை தரையைப் பிடித்துக் கிறீச்சென்று இழுத்தது. அனுசியா போன் செய்தாள். நாளைக்கு வாரேன் என்றார். நாலு நாள் கழித்து மறுபடியும் செய்தாள். நாளைக்கு வாரேன். மூன்றாவது தடவை அவள் பேசும்போது இவர் அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வாரேன். நாலாவது தடவையும் அதேதான். கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவை மூடப் பழகிக்கொண்டாள் அவள். பக்கத்து வீட்டுக்காரியிடம், நாளைக்கு வேலைக்கு ஆள் வருகிறார், கொஞ்சம் தட்டுகிற சத்தம் இருக்கும் என்று சொல்லியும் வைத்திருந்தாள்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. வெள்ளிக்கிழமை ராத்திரி பாத்ரூமுக்குள் போய்க் கதவை மூடினாள். உள்ளே அரித்துப்போயிருந்த ஸ்க்ரூ அன்றைக்கு விட்டுவிட்டது. மேல் கீல் கதவு நிலையை விட்டு ஒரு விரல் விலகியது, கதவின் கீழ் முனை தரையில் போய் ஆப்பு மாதிரி இறுகியது. மழையில் மரமும் ஊறியிருந்தது. இழுத்தாள்... அசையவில்லை. போன் கட்டிலில் கிடந்தது. ஊசி மருந்து அடுப்படியில். பழைய வீட்டில் செய்த மாதிரி நடு ஆணியைத் தட்டி எடுக்கலாம் என்றால் அவள் வாங்கியது கழலாத ஆணி. பார்த்துப் பார்த்து வாங்கியது.

தட்டினாள். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டது. சனிக்கிழமை காலையில் கேட்டது, சாயங்காலமும் கேட்டது. ஒருவழியாக வேலைக்கு ஆள் வந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி பார்த்தாளாம். ஞாயிற்றுக்கிழமை சத்தம் இல்லை. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தாளாம்.

திங்கள்கிழமை தம்பி ஜெயபாண்டி வந்து கடப்பாறையால் நெம்பித் திறந்தான்.

“மாரீஸ்வரி, போதும்ட்டி. விடிஞ்சா பால் காய்ச்சணும்” என்கிறாள் என் நாத்தனார். நீ வேண்டுமானால் காதைப் பொத்திக்கொள். உள்ளே கேட்டது தச்சுக் கழிக்கக் காவு கொடுக்கிற கோழியின் சத்தம்தான், பயப்படாதே. சாம்பிராணி வாடை இப்போதுதான் வருகிறது, இன்னும் நேரம் இருக்கிறது. நான் முடிக்கிறேன்.

அந்த ரோட்டில் போன் வந்த ராத்திரி சிவனாண்டி எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாள் ராத்திரி பதினொன்று இருபதுக்கு மறுபடியும் அடித்தது. எடுக்கக் கூடாது என்று கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடித்து நின்றது. நின்ற பிறகும் அதே குரல், போன் எடுக்காமலே. கதவு இறங்கிருச்சுண்ணே, வாரீகளா... அவர் வாய் தானாகத் திறந்து, நாளைக்கு வாரேன் தாயி என்றது. அவர் சொல்லவில்லையாம், வாய் சொன்னதாம். அந்த நம்பரைத் தடுத்துப் பார்த்தார். சிம்மைக் கழற்றி வைத்தார். நேரம் தப்பவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் ஒரே கேள்வி, ஒரே பதில். கோபமாகக்கூடக் கேட்கவில்லை அவள். அதே மரியாதை, அதே அண்ணே.

எனக்கு அவளைக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஏட்டி, செத்த பிறகுமா அண்ணே?

அந்த நேரத்தில் அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறை மாசம். ஒன்பதாம் நாள் ராத்திரி பாத்ரூமுக்குப் போனவள் வரவில்லை. கதவு இறுகிவிட்டது. அது சிவனாண்டி தன் கையால் மாட்டிய கதவு, மாட்டி மூன்று மாசம்கூட ஆகவில்லை. வீட்டில் அவரும் பெண்டாட்டியும் முழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மகள் தட்டியது இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தவர் கதவுக்கு அடியில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓடிப்போய் உடைத்தார். அரை மணி நேரம் உள்ளே கிடந்திருக்கிறாள் பிள்ளைத்தாய்ச்சி. ஈரத் தரையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் சிவந்து கன்றிப் போயிருந்தன.

தூக்கி வந்து கட்டிலில் படுக்க வைத்த பிறகுதான் அவள் பேசினாள்.

“நான் தட்டத் தட்ட, வெளிய நின்னு நாளைக்கு வாரேன் நாளைக்கு வாரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தீகளேப்பா. ஏம்ப்பா அப்படிச் சொன்னீக?”

விடிந்ததும் சிவனாண்டி ஜெயபாண்டி வீட்டு வாசலில் போய் நின்றார். அந்தக் கதவைச் சரி செய்து தருகிறேன், சாவி கொடு என்றார். வீட்டையே விற்கப் போகிறேன், இனிமேல் கதவு எதற்கு என்றான் அவன். இவர் நகரவில்லை. கடைசியில் சாவியை எடுத்து வந்து கையில் வைத்தான். வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான்.

“அண்ணன் நாளைக்கு வந்துருவாகன்னு அக்கா சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நாந்தான் வேற ஆளைப் பாருன்னேன். பாவம், அவிய சொன்னா வருவாகன்னுச்சு.”

பகலிலேயே முடித்துவிட வேண்டும் என்று பதினொரு மணிக்கே போய்விட்டார். நெம்பிய கதவு சுவரில் சாய்ந்து கிடந்தது. உள்பக்கத் தகடு முழுக்கக் கை அடித்த பள்ளம். மேல் கீலைப் பார்த்தார். நிலையை விட்டு விலகியிருந்த அந்த ஒரு விரல் இடுக்கில் தெரிகிற நாலு ஸ்க்ரூ தலையிலும் தங்கக் கலர் சுரண்டப்பட்டிருந்தது. சேலை ஊக்கால் சுரண்டிய கோடு. அடியில் துரு.

சாகிறதுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. காந்தம் வைத்துப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அதை நினைத்தால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. அந்த ஆள் அங்கேயே உட்கார்ந்து அழுதாராம். அழட்டும்.

துருப் பிடித்த இரும்பு லேசில் வரவில்லை. ஒவ்வொன்றாக உளி வைத்துத் தட்டி, குறடால் பிடித்துத் திருகி, பழைய ஓட்டையில் மரத் துண்டு அடைத்து, புது வழி போட்டு... இருட்டிவிட்டது. கரண்டைத் துண்டித்திருந்தார்கள். போன் வெளிச்சத்தை ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு செய்தார். கழற்றிய ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகப் பின்னால் தரையில் போட்டுக்கொண்டே போனார். பாதி வேலை ஆன பிறகுதான் அவருக்கு உறைத்தது. போட்டது எதுவும் விழுந்த சத்தம் கேட்கவில்லை. டைல்ஸ் தரையில் இரும்பு விழுந்தால் எப்படிக் கணீரென்று கேட்கும்? ஒன்றுகூடக் கேட்கவில்லை.

திரும்பிப் பார்க்கவில்லை. குறடைப் பிடித்த கை வேர்த்து வழுக்கியது. இருபத்து நாலாவதையும் எடுத்துப் போட்டார். பிறகு திரும்பினார்.

பாத்ரூம் வாசலில், தரையில், அந்த வட்டக் காந்தம் இருந்தது. ரோஸ் கலர் நூல் ஒன்று அதில் சுற்றியிருந்தது. துருப் பிடித்த ஸ்க்ரூ எல்லாம் அதில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஒட்டியிருந்தன, பொறுக்கி எடுத்த குண்டூசி மாதிரி. எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது.

ஓடவில்லை. ஓடி எங்கே போவார்? வீட்டில் மகள் இருக்கிறாள். பெட்டிக்குள் அடியில் கிடந்த பொட்டலத்தைப் பிரித்தார். சோப்புத் தடவினார். பித்தளை ஸ்க்ரூவைக் கையாலேயே, ஒன்று ஒன்றாகப் போட்டார். கை முழுக்க அந்தப் பித்தளை வாடை ஏறியது. கடைசி ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு வெளியே வந்து நின்றார்.

கதவு திறந்தபடி இருந்தது. காற்று இல்லை. கதவு மெல்ல மூடியது... திறந்தது. மறுபடியும் மூடியது. கொஞ்சம் நின்றது. பாதி திறந்து, அங்கேயே ஆடாமல் நின்றது. யாரோ கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி. சத்தமே இல்லை. பிறகு முழுசாக மூடி, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத வீட்டில், குழாய் திறந்து வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

“சரியா இருக்கா தாயி?” என்று கேட்டார்.

சாவியை ஜெயபாண்டியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். அன்றைக்குப் போன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. மகளுக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. விட்டது என்று நினைத்தார்கள்.

எட்டாம் நாள் ராத்திரி, பதினொன்று இருபது. நம்பர் எதுவும் விழவில்லை. வேறு ஒரு பெண் குரல்.

“சிவனாண்டி அண்ணனா? அனுசியா அக்கா உங்க நம்பரைக் குடுத்தாக. நல்லா வேலை பாப்பீகன்னு சொன்னாக. எங்க வீட்டுலயும் ஒரு கதவு இருக்குண்ணே.”

ராஜபாளையத்தில் ஒரு தெருப் பேரைச் சொன்னாள். விடிந்ததும் போய் விசாரித்தார். பெரிய குடும்பம். மருமகளாக வந்தவள் மாடி அறையில் ஏதோ வியாதியில் செத்துப்போய் ஒன்பது வருஷம் ஆயிற்று, அறை பூட்டியே கிடக்கிறது என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். எப்படியோ கெஞ்சி உள்ளே போனார். தாழ்ப்பாள் வெளியே. அதைக் கழற்றி உள்பக்கம் வைத்தார். பித்தளைக் கீல் மாட்டினார். அடுத்த வாரம் இன்னொரு போன். அதற்கு அடுத்த வாரம் இரண்டு. சேத்தூரில் ஒன்று, அய்யனார் கோவில் ரோட்டில் தோப்பு வீடு ஒன்று, நம் ஊரிலேயே மூன்று... எல்லோரும் பேசுகிறார்கள் போல. எல்லோருக்கும் ஒரு கதவு இருக்கிறது.

எந்த ஊர் என்று கேட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள். நம் தெருவாகவும் இருக்கலாம். தட்டுகிற சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று ஜன்னலைச் சாத்துகிறவர்கள்தானே நாம் எல்லோரும். நானும்தான்.

சிவனாண்டி இப்போது வேறு வேலை எதையும் ஒத்துக்கொள்வதில்லை. நாளைக்கு என்ற வார்த்தையே அவர் வாயில் வருவதில்லையாம். போன் வைத்ததும் பெட்டியை எடுத்து வண்டியில் கட்டிவிடுகிறார்.

போன செவ்வாய்க்கிழமை வந்த போனைத்தான் அய்யம்மாள் துணி மடிக்கும்போது என்னிடம் சொன்னாள். சின்னக் குரல். ஏழெட்டு வயசுப் பெண்பிள்ளை. சிவனாண்டி எந்தத் தெரு என்று கேட்டார். பிள்ளைக்குத் தெரியவில்லை. ஜன்னலில் என்ன தெரிகிறது என்று கேட்டார். ஜன்னல் இல்லை, இருட்டாக இருக்கிறது என்றது. அனுசியா அக்காதான் நம்பர் கொடுத்தாளா என்று கேட்டார். அப்படி யாரையும் தெரியாது என்றது பிள்ளை. பிறகு என் நம்பர் எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“நீங்கதான் மாமா இந்தக் கதவை மாட்டுனீக. தாழ்ப்பா வெளியதான் வேணும், உள்ள வேண்டாம்னு அப்பா சொன்னாக. நான் அங்கனயேதான் நின்னேன். நீங்க ஒண்ணுமே கேக்கல.”

போன் அணைந்துவிட்டது. பிள்ளை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ராத்திரியே பெட்டியை வண்டியில் கட்டினார். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்து, இத்தனை வருஷத்தில் வெளியே மட்டும் தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்த அறைக் கதவுகளை நினைத்து நினைத்துப் பார்த்தார்.

விடிவதற்குள் பதினொரு வீடு ஞாபகம் வந்துவிட்டதாம்.